மேட்டுக்கு அந்தப் பக்கம்: செவிலியர் சங்கங்களும் சட்டமும்

தேனி மாவட்டத்துக் கோம்பையில் விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். மேற்கே சுவர் வைத்தாற்போல எழும்பி நிற்கும் மலையின் விளிம்பில் ராமக்கல்மேடு. அதற்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். தூக்குவாளியில் சோறும் தோளில் துண்டுமாக ஜீப் ஏறும் பெண்கள் கம்பம்மெட்டு வழியாக மேலே போய், களை வெட்டி, காய் எடுத்து, பொழுது சாயக் கீழே இறங்குவார்கள். ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “மேலே கூலி கூட.”

இந்தப் பெண்களில் பலர் தங்கள் மகள்களை நர்ஸ் படிப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் டிப்ளமோ நர்சிங் முடித்த ஒரு பெண், கம்பம் பள்ளத்தாக்கிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். பன்னிரண்டு மணி நேர டூட்டி. மாதக் கடைசியில் கைக்கு வந்த தொகை, அவள் அம்மா தோட்டத்தில் எடுத்த மாதக் கூலியைவிடக் குறைவு. பிறகு அவளும் மலையேறினாள். கேரளத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தாள். சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. படிப்பும் அதேதான், ஊசி போடும் கையும் அதேதான்.

அந்த இரண்டு மடங்கு யாருடைய கருணையாலும் வரவில்லை. ஒரு சங்கம் போட்ட வழக்கு, இன்னொரு சங்கம் நடத்திய வேலைநிறுத்தம், அதன் முடிவில் ஓர் அரசாணை என்று படிப்படியாக வந்தது. செவிலியர் அமைப்புகள் சுகாதாரக் கொள்கையையும் சட்டத்தையும் எப்படி மாற்றுகின்றன, எங்கே முட்டி நிற்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செவிலியரின் குறை சட்டமாக மாற மூன்று வேண்டும்: கணக்கு, போராட்டம், முடிவெடுக்கும் அறைக்குள் ஒரு நாற்காலி. முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாமல் போனால், வென்றது நிலைப்பதில்லை.

பதிவேடு என்ற முதல் வெற்றி

யார் நர்ஸ் என்று சொல்ல ஒரு காலத்தில் சட்டமே கிடையாது. வெள்ளை உடை போட்டவரெல்லாம் நர்ஸ்தான். பயிற்சி பெற்றவரின் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும், இல்லாதவர் அந்தப் பெயரில் வேலை செய்யக் கூடாது என்பதே உலகெங்கும் செவிலியர் சங்கங்கள் எழுப்பிய முதல் அரசியல் கோரிக்கை. இங்கிலாந்தில் எதெல் பெட்ஃபோர்டு ஃபென்விக் 1887-இல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கினார். கேட்ட சட்டம் 1919-இல்தான் வந்தது. 32 ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அதற்குள் நியூசிலாந்து 1901-இலேயே தனிச் சட்டம் இயற்றி உலகுக்கு வழிகாட்டிவிட்டது.

இந்தியாவில் அந்த வழியை முதலில் எடுத்தது நம் சென்னை மாகாணம். சென்னைப் பெரியாஸ்பத்திரியில் 1871-இலேயே நர்ஸ் பயிற்சி தொடங்கியிருந்தது. 1926-இல் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் நிறைவேறியது. அதன்படி அமைந்த பதிவுக் கவுன்சில்தான் நாட்டிலேயே முதலாவது. இன்றைய தமிழ்நாடு செவிலியர், மருத்துவச்சியர் கவுன்சில் அதன் தொடர்ச்சி. 2026-ஆம் ஆண்டு அந்தச் சட்டத்துக்கு நூறாவது ஆண்டு.

மாகாணத்துக்கு மாகாணம் பாடமும் தேர்வும் வேறு வேறாக இருந்ததால் அனைத்திந்திய ஒழுங்கு தேவைப்பட்டது. அதற்காகப் பேசிய அமைப்பு இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம். 1905-இல் லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்களின் சங்கம் முளைத்தது. 1908-இல் செவிலியர் சங்கமும் உருவாகி, 1922-இல் இரண்டும் ஒன்றாயின. 1910 முதல் சங்கம் சொந்தமாக ஓர் இதழும் நடத்தியது. முதல் தலைமுறைத் தலைவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்கள். சொந்தக் குரலுக்குச் சொந்த அச்சு வேண்டும் என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது.

நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை 1946-இல் வெளியானது. ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அதில் ஓர் உறுப்பினர். 6,300 பேருக்கு ஒரு மருத்துவர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று அந்த அறிக்கை நாட்டின் நிலையைக் கணக்குப் போட்டுக் காட்டியது. மருத்துவர் பற்றாக்குறையைவிட நர்ஸ் பற்றாக்குறை ஏறக்குறைய ஏழு மடங்கு கொடியது என்பதை அந்த இரண்டு எண்களும் யாரும் மறுக்க முடியாதபடி சொல்லின. அடுத்த ஆண்டே இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நிறைவேறியது.

அந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கவுன்சிலில் யார் யார் உட்காரலாம் என்பதை அது பட்டியலிடுகிறது. ஒவ்வொரு மாநிலக் கவுன்சிலும் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒரு பதிவு பெற்ற செவிலியர். இந்திய மருத்துவச் சங்கம் தேர்ந்தெடுக்கும் ஒருவர். நாடாளுமன்றம் தேர்ந்தெடுப்பவர்கள். இவர்களோடு, பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் குழு தேர்ந்தெடுக்கும் ஒருவர். ஓர் அமைப்பின் பெயரைச் சட்டத்திலேயே எழுதி அதற்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். விண்ணப்பம் கொடுத்துவிட்டு வெளியே காத்திருந்த சங்கம், விண்ணப்பங்களைப் படிக்கும் மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஓர் இரவும் ஒரு விகிதமும்

பெரியம்மாவுக்குத் துணையாக நான் ஒரு வார்டில் கழித்த இரவை இங்கே சொல்ல வேண்டும். நாற்பதுக்குக் குறையாத படுக்கைகள். ஒரே ஒரு நர்ஸ். பத்து மணிக்கு அவர் கையில் ஒரு நோட்டும் ட்ரேயும் இருந்தன. ஆறாம் படுக்கைக்குக் குளுக்கோஸ் முடியும் தறுவாய். பதினொன்றாம் படுக்கைக் கிழவர் ஊசிக்குழாயைப் பிடுங்கிப் போட்டிருந்தார். கடைசியில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. “சிஸ்டர்” என்று நாலு மூலையிலிருந்தும் குரல். பையனுக்கு ஈரத்துணி போடச் சொல்லிவிட்டு ஓடினார், குழாயை மாற்றினார், பிரஷர் பார்த்தார், பார்த்ததை எல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதினார். இரண்டு மணிக்குப் பெரியம்மாவுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தபோது, நான் கூப்பிட்டு அவர் வந்து சேரப் பத்து நிமிடம் ஆனது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பத்து நிமிடமும் அவர் எங்கே நின்றார் என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரியம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்கவில்லை.

ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பது நிர்வாக வசதியைப் பொறுத்த விஷயமாக இங்கே பார்க்கப்படுகிறது. அது உயிர்க் கணக்கு. செவிலியத் துறை ஆய்வாளர் லிண்டா எய்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு இதை அளந்து காட்டியது. அறுவைச் சிகிச்சை நோயாளிகளைப் பார்க்கும் ஒரு செவிலியரிடம் கூடுதலாக ஒரு நோயாளியை ஒப்படைத்தால், முப்பது நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது.

அந்த ஆய்வு வெளிவருவதற்கு முன்பே கலிஃபோர்னியா செவிலியர் சங்கம் களத்தில் இறங்கியிருந்தது. அவர்களின் விடாப்பிடியால் 1999-இல் ஒரு சட்டம் கையெழுத்தாகி 2004-இல் நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு இரண்டு பேருக்கு மேல் கூடாது. பொது வார்டில் முதலில் ஆறு, அடுத்த ஆண்டு முதல் ஐந்து. சங்கம் அந்தப் பிரச்சாரத்தைச் சம்பளக் கோரிக்கையாக நடத்தவில்லை, நோயாளியின் பாதுகாப்பாகவே மக்கள் முன் வைத்தது. நோயாளிகளும் அதைத் தங்கள் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் விகிதம் இல்லாமல் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் என்று இந்திய நர்சிங் கவுன்சில் அளவுகோல் வகுத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் விகிதம் சட்டத்தில் இருக்கிறது, மீறினால் கேள்வி உண்டு. இங்கே அது பரிந்துரையாக ஏட்டில் இருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த வார்டுக்குள் அது நுழையவே இல்லை.

நீதிமன்றம் கொடுத்த எண், தெரு கொடுத்த ஆணை

செவிலியரின் நிலையை ஆராய மத்திய அரசு 1987-இல் ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. தலைவர், சென்னையைச் சேர்ந்த சமூக சேவகி சரோஜினி வரதப்பன். 1989-இல் வந்த அவருடைய அறிக்கை வேலை நேரம், ஆள்பலம், குடியிருப்பு, உயர்பதவி என்று எல்லாவற்றையும் தொட்டது. செவிலியர் சங்கங்கள் இன்றும் தங்கள் மனுக்களில் அதைக் காட்டுகின்றன. ஓர் அறிக்கை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கோரிக்கையாகவே நீடிப்பது, நல்ல அறிக்கை மட்டும் போதாது என்பதற்குச் சான்று.

அடுத்த கட்டம் நீதிமன்றத்தில் நடந்தது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியமும் பணிநிலையும் சுரண்டலாக இருக்கின்றன என்று பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 2011-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2016 ஜனவரி 29 அன்று, இதை ஆராய ஒரு நிபுணர் குழு அமைக்கும்படி நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சுகாதாரப் பணிகளின் தலைமை இயக்குநர் ஜகதீஷ் பிரசாத் தலைமையிலான குழு நான்கு படிகள் வகுத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல் இருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்கும் குறைவான படுக்கை உள்ள சிறிய மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது.

சுகாதாரம் மாநிலப் பொறுப்பு. எனவே பரிந்துரை மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டது. அங்கேதான் மலைக்கு அந்தப் பக்கத்துக் கதை தொடங்குகிறது.

கேரளத்தில் 2011-இல் யுனைட்டெட் நர்சஸ் அசோசியேஷன் என்ற சங்கம் உருவானது. படிப்புக் கடன் கழுத்தை நெரிக்க, சில ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் தவித்த இளம் செவிலியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாக அதில் சேர்ந்தார்கள். 2012-இல் கோதமங்கலத்தில் நூறு நாளைத் தாண்டிய வேலைநிறுத்தத்தின் முடிவில், செவிலியர்கள் மருத்துவமனை மாடியில் ஏறி நின்ற காட்சி மாநிலத்தையே உலுக்கியது. உச்ச நீதிமன்றக் குழுவின் அறிக்கை வந்தபின் சங்கத்தின் கையில் ஓர் எண் கிடைத்தது. 2017-இல் அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. குழு சொன்னதைக் கொடு என்றார்கள். ஜூலை 20 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் நடத்திய பேச்சுவார்த்தையில் 20,000 ரூபாய் ஏற்கப்பட்டது.

ஏற்றதும் ஆணை வந்துவிடவில்லை. மாதங்கள் ஓடின. 2018 ஏப்ரல் 24 அன்று சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே போவது என்று செவிலியர்கள் அறிவித்தார்கள். கிளம்பவிருந்ததற்கு முந்தைய நாள், குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் அரசாணை வெளியானது. மருத்துவமனை நிர்வாகங்கள் நீதிமன்றம் போயின, வழக்குகள் தொடர்ந்தன. ஆனாலும் எங்கள் தெருப் பெண்ணின் சம்பளச் சீட்டில் ஏறிய எண்ணுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இதில் நான் காண்பது ஒரு வேலைப் பிரிவினை. பழைய தொழில்முறைச் சங்கம் சட்ட நுணுக்கத்தோடு வழக்காடி ஓர் எண்ணைப் பெற்றது. புதிய தொழிற்சங்கம் அந்த எண்ணைத் தெருவுக்கு எடுத்துப் போய் ஆணையாக்கியது. எண் இல்லாத தெருவும் சரி, தெரு இல்லாத எண்ணும் சரி, தனியே இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மேட்டுக்கு இந்தப் பக்கம்

தமிழ்நாட்டுச் செவிலியரின் சாதனை எந்த மாநிலத்துக்கும் குறைந்ததல்ல. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களை இருபத்துநாலு மணி நேரமும் திறந்துவைத்து, மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை முறைபோட்டு நிறுத்தியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்னொரு காரணம், ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு ஒருவராக, எந்த வீட்டில் யார் எத்தனை மாதம் என்று விரல்நுனியில் வைத்திருக்கும் கிராம சுகாதார செவிலியர்.

இந்தக் கட்டடத்தின் அடித்தளம் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் நிற்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய், இரண்டு ஆண்டில் பணிநிரந்தரம் என்ற நம்பிக்கை. இரண்டு ஆண்டு முடிந்தும் காலமுறை ஊதியம் வராததால், 2017 நவம்பர் 27 அன்று மாநிலமெங்குமிருந்து வந்த செவிலியர்கள் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. உயர் நீதிமன்றம் தலையிட்டபின் போராட்டம் முடிவுக்கு வந்தது. பிறகு தொகை 14,000, 18,000 என்று படிப்படியாக ஏறியது. ஒரு பகுதியினர் தவணை தவணையாக நிரந்தரமானார்கள். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டு, அவர்களும் தெருவுக்கு வந்தார்கள்.

கேரளத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரிகிறது. இங்கே போராட்டங்கள் பெரும்பாலும் ஒரு தேர்வு ஆண்டில் சேர்ந்தவர்களின் போராட்டமாக, ஒரு பிரிவினரின் நிரந்தரத்துக்கான போராட்டமாக இருந்திருக்கின்றன. நிரந்தரமானவர் ஒரு சங்கம், தொகுப்பூதியத்தார் இன்னொரு சங்கம், கிராம சுகாதார செவிலியர் வேறொரு சங்கம். சிறிய தனியார் மருத்துவமனையில் இருக்கும் பெண்ணுக்கு அருகில் எந்தச் சங்கமும் இல்லை. உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ பத்துப் படுக்கை மருத்துவமனையில் தனியாக இரவு டூட்டி பார்ப்பவளிடம், உச்ச நீதிமன்றக் குழு உன்னைப் பற்றி ஒரு எண் சொல்லியிருக்கிறது என்று போய்ச் சொல்ல ஆளில்லை. தெரியாத உரிமையை யாரும் கேட்க முடியாது.

புதிய சட்டம், பழைய நாற்காலி

2023-இல் தேசிய செவிலியம், மருத்துவச்சியம் ஆணையச் சட்டம் வந்தது. ஜூலை 28 அன்று மக்களவையிலும் ஆகஸ்ட் 8 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. கல்லூரிகளின் தரத்தைக் கண்காணிக்க, பாடத்திட்டத்தைப் புதுப்பிக்க, பதிவேட்டை மின்மயமாக்க நல்ல ஏற்பாடுகள் அதில் இருக்கின்றன. புற்றீசலாய்ப் பெருகிய நர்சிங் கல்லூரிகளைப் பார்க்கும்போது இந்த ஒழுங்கு தேவைதான்.

ஆனால் நாற்காலிகள் மாறியிருக்கின்றன. பழைய சட்டத்தில் மாநிலக் கவுன்சில்களும் சங்கமும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பின. புதிய ஆணையத்தின் 29 இடங்களும் அடிப்படையில் பதவி வழியாலும் அரசின் நியமனத்தாலும் நிரம்புபவை. நியமிக்கப்படுபவர் திறமையான செவிலியராகவே இருக்கலாம். இருந்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தன்னை அனுப்பியவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், நியமிக்கப்பட்டவர் நியமித்தவருக்குப் பதில் சொல்வார். இவ்வளவு பெரிய மாற்றம் மக்களவையில் மணிப்பூர் கலவரம் பற்றிய அமளிக்கு நடுவே நிறைவேறியது. ஊர்ப்புறத்து நர்ஸ்களில் எத்தனை பேருக்கு அது நடந்தது தெரியும்?

சட்டத்தின்படி மாநிலங்களும் தங்கள் ஆணையங்களை அமைக்க வேண்டும். நாட்டிலேயே முதல் பதிவுக் கவுன்சிலைக் கண்ட தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் கடமை இருக்கிறது. மாநில ஆணையத்தின் நியமனங்களில் சங்கங்கள் முன்மொழியும் பெயர்களுக்கு இடம் வேண்டும். அவர்களில் ஒருவராவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிபவராகவும், ஒருவராவது சிறிய தனியார் மருத்துவமனையிலிருந்து வந்தவராகவும் இருக்க வேண்டும். வார்டுக்கு எத்தனை செவிலியர் என்ற அளவு பரிந்துரையாக இருப்பது போதாது, ஆய்வுக்கு உட்பட்ட விதியாக வேண்டும்.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணக்கெடுங்கள். உங்கள் வார்டில் இன்றிரவு எத்தனை நோயாளி, எத்தனை பேர் டூட்டி, எவ்வளவு நேரம் கூடுதலாக நின்றீர்கள் என்பதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு நோட்டில் குறியுங்கள். போர் குழுவின் இரண்டு எண்களும் 20,000 என்ற ஓர் எண்ணும் செய்ததை நூறு முழக்கங்கள் செய்ததில்லை. பிரிந்து நிற்கும் சங்கங்கள் இந்த ஒரு கணக்கிலாவது ஒன்று சேரட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. செவிலியர்கள் சாலையில் உட்கார்ந்திருக்கும் செய்தியைப் பார்க்கும்போது, நோயாளிகளை விட்டுவிட்டு வந்துவிட்டார்களே என்று முதலில் தோன்றலாம். நாற்பது படுக்கைக்கு ஒருவர் என்று ஓடிக்கொண்டிருந்தவர்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இன்னும் சிலர் வேண்டும் என்று அவர் கேட்பது, என் பெரியம்மா மூச்சுக்குத் தவித்த அந்தப் பத்து நிமிடம் இன்னொரு வீட்டுக்கு நேரக் கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான். அந்தக் கோரிக்கையில் நாமும் கையெழுத்துப் போட வேண்டும்.